கலப்பு மீன்தொட்டியும் கறியுப்பும்: ஒரு நோக்கு

நன்னீர் மீன்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் உப்பு இடலாமா என்னும் வினா, மீன் வளர்ப்போர் யாவரும் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் சாதாரண வினாவே. ஆயின் அதற்கு வழங்கப்படும் விடைகள் இரு துருவங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. உப்பு எந்நோய்க்கும் மருந்து, வந்த பின்னர் மட்டுமன்றி வருமுன் காக்கவும் வல்லது என்பார் ஒரு சாரார். நன்னீர் மீனுக்கு உப்பு நஞ்சு, ஒரு சிட்டிகையும் ஆகாது என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றுகளும் ‘மீன்’ என்ற பொதுமையை முதலில் நிறுவிக்கொண்டு, அப்பொதுமைக்கே விடை பகர்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. தொட்டிக்குள் நீந்துவதோ பொதுமையான மீன் அன்று. வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு நீர்நிலைகளில், வெவ்வேறு பரிணாம வரலாற்றினூடாக உருவான குறிப்பிட்ட இனங்களே அதனுள் நீந்துகின்றன. எனவே உப்புப் பற்றிய விசாரணை உண்மையில் இக்கலப்புப் பற்றிய விசாரணையாகவே அமைதல் வேண்டும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவன் இத்தகைய பொருளில் எழுதப் புகுவதற்குக் காரணம் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டில் ஏறத்தாழ 90 லீற்றர் நீர் கொள்ளும் தொட்டி ஒன்றை அமைத்தோம். ஆறு மொலிகள், ஒரு பத்துக் கப்பிகள், எட்டு நியோன் ரெற்றாக்கள், ஐந்து செரி பார்ப்புகள், இரண்டு குளவுன் லோச்சுகள் ஆகியன ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கப்பட்டன. (குளவுன் லோச் ஓரடி நீளம்வரை வளரக்கூடியது என்பதும், அத்தொட்டி அதற்குப் போதாது என்பதும் பின்னர் அறிந்தவை. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.) பணம் வாங்கும்போது அவர் கூறிய அறிவுரை இது: “சேர், கிழமைக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு வாங்கோ. வருத்தம் ஒண்டும் கிட்டவும் வராது.” அவர் ஏமாற்றும் நோக்கோடு அதனைக் கூறவில்லை. தாம் கேட்டறிந்ததையே கூறினார்.

கூறியவாறே செய்தேன். ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாகப் புதுநீர் ஊற்றி, கிழமைதோறும் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பும் இட்டு வந்தேன். தொட்டி நீரை மாற்றவேயில்லை. உப்பு இருக்கையில் அது அவசியமில்லை என்று எண்ணினேன். ஐந்து மாதங்களில் நியோன்களில் ஆறும், செரி பார்ப்புகளில் மூன்றும், லோச்சுகளில் ஒன்றும் இறந்தன. மொலிகளோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகத் தழைத்துக் குஞ்சும் ஈன்றன. அப்பொழுது ஒன்பது வயதான என் மகள் கேட்டாள்: “அப்பா, உப்பு மருந்தெண்டால் ஏன் இதுகள் மட்டும் சாகுதுகள்?” அவளுக்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதன் பேறு.

முதலிலே மீனின் உடலியலை நோக்குவோம். நன்னீர் மீனொன்றின் குருதியிலும் உடற்பாய்பொருள்களிலும் உள்ள கரைபொருள்களின் செறிவு, லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் கறியுப்பைக் கொண்ட கரைசலுக்கு ஒப்பானது. கடல்நீரிலே லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆற்று நீரிலும் குழாய் நீரிலும் கரைந்துள்ளவை பெரும்பாலும் அரைக் கிராமையும் எட்டுவதில்லை. ஆகவே நன்னீர் மீனானது தன்னினும் ஐதான ஊடகத்திலே வாழ்கின்றது. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு கூடிய இடத்திற்கு, மெல்லிய சவ்வினூடாக நீர் இயல்பாகவே ஊடுசெல்லும். இதுவே பிரசாரணம் எனப்படுவது. மீனின் உடலிலே மிக மெல்லியதும் மிகப் பரந்ததுமான சவ்வு அதன் பூக்களிலேயே (செவுள்களிலேயே) உள்ளது. ஒட்சிசனை உள்வாங்கத் திறந்துள்ள அதே வாயில் வழியாக நீர் இடையறாது உட்புகுகின்றது; உப்பு இடையறாது வெளியே கசிகின்றது.

இதற்கு எதிராக மீன் ஓயாது உழைக்கின்றது. புகுந்த நீரைச் சிறுநீரகங்கள் மிக ஐதான சிறுநீராகப் பெருமளவில் வெளியேற்றுகின்றன. இழந்த சோடியம், குளோரைட்டு ஆகிய அயன்களைப் பூக்களிலுள்ள சிறப்புக் கலங்கள் சக்தியைச் செலவிட்டு நீரிலிருந்து மீளப் பற்றி எடுக்கின்றன. கடல் மீனிலே இந்நிகழ்வு தலைகீழானது. அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைப் பூக்களினூடாக வெளியேற்றுகின்றது. ஹோமர் சிமித் 1930இல் வெளியிட்ட ஆய்வும், கீசும் வில்மரும் 1932இல் விலாங்கின் பூக்களிலே குளோரைட்டைச் சுரக்கும் கலங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும், டென்மார்க்கைச் சேர்ந்த ஓகஸ்ற் குரோக் 1939இல் எழுதிய நூலும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. மீனுக்கும் நீருக்குமிடையிலான உறவு நிலையான அமைதி அன்று, இடையறாத போராட்டத்தினூடாகப் பேணப்படும் சமநிலை என்பதையே இவ்வாய்வுகள் புலப்படுத்தின.

இந்தச் சமநிலையைப் பேணுவதற்கான உழைப்பு, நலமான மீனுக்குப் பாரமன்று. அதற்கென்றே அதன் உறுப்புகள் அமைந்துள்ளன. ஆயின் செதில் பெயர்ந்து தோல் புண்பட்ட மீனுக்கும், பூக்கள் சிதைந்த மீனுக்கும், வலையில் அகப்பட்டுப் பொலித்தீன் பையில் அடைபட்டுப் பல மணிநேரம் பயணித்த மீனுக்கும் அது பெரும் பாரமாகும். அந்நிலையில் நீரிலே லீற்றருக்கு ஒரு கிராம் முதல் மூன்று கிராம்வரை உப்பு இருப்பின், உள்ளுக்கும் புறத்துக்கும் இடையிலான செறிவு வேறுபாடு குறைகின்றது, உழைப்பும் குறைகின்றது. மீன்களை ஏற்றியனுப்புவோர் பயண நீரிலே சிறிது உப்பிடுவதன் நியாயம் இதுவே. இங்கு உப்பு நோயைக் குணமாக்கவில்லை. நோயாளி மீள எழும்வரை அவனது சுமையைச் சற்றே தாங்கிக்கொள்கின்றது. சுமை நீங்கிய பின்னரும் ஊன்றுகோலைக் கையிலே கட்டிவிடுதல் மருத்துவமாகாது.

அடுத்து நைத்திரைற்று நஞ்சூட்டலைக் கருதுவோம். உப்பின் பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட துறை இது. புதிதாக அமைத்த தொட்டியிலே மீனின் கழிவாகிய அமோனியாவைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இரண்டாவது படியைச் செய்யும் பற்றீரியாக்கள் பெருகுவதற்குச் சில கிழமைகள் செல்லும். அவ்விடைக்காலத்தில் நைத்திரைற்று தேங்குகின்றது. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ இயலாத வேறொரு பொருளாக மாற்றிவிடும். குருதி கபில நிறமாகும். நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைத்திரைற்று மீனுக்குள் நுழையும் வழியே இங்கு முக்கியமானது. குளோரைட்டைப் பற்றி எடுக்கவென்று பூக்களில் அமைந்த அதே வாயிலினூடாகவே அது புகுகின்றது. நீரிலே குளோரைட்டு மிகுந்திருப்பின் அவ்வாயிலுக்கான போட்டியில் நைத்திரைற்று பின்தள்ளப்படும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே கெளுத்தி இன மீன்களைக் குளங்களில் வளர்ப்போர் இதனை நடைமுறையிலேயே கையாண்டு வருகின்றனர். நைத்திரைற்று நைதரசனின் அளவைப்போலக் குறைந்தது பத்து மடங்கு குளோரைட்டு நீரில் இருத்தல் வேண்டும் என்பது அவர்களது கணக்கு. இதனை வீட்டுத் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். நீரிலே நைத்திரைற்று நைதரசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் உள்ளதெனின், வேண்டிய குளோரைட்டு 20 மில்லிகிராம். கறியுப்பின் நிறையில் ஏறத்தாழ 60 சதவீதம் குளோரைட்டு ஆதலின், வேண்டிய உப்பு லீற்றருக்கு 33 மில்லிகிராம். 100 லீற்றர்த் தொட்டிக்கு இது மூன்றேகால் கிராம் அளவிலேயே அமையும்; அதாவது அரைத் தேக்கரண்டி. எச்சரிக்கைக்காக அதனை மூன்று மடங்காக்கினும் பத்துக் கிராம்தான். இருபது லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற வழக்கமான அறிவுரையோ லீற்றருக்கு ஒரு கிராமை அண்மிக்கின்றது. அஃதாவது தேவையின் முப்பது மடங்கு. (சில சோதனைப் பெட்டிகள் நைத்திரைற்றை நைதரசனாக அன்றி நைத்திரைற்று அயனாகவே காட்டும். அவ்வாறாயின் அவ்வெண்ணை 3.3 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.) கலப்புத் தொட்டியிலே உவப்பான செய்தி இதுவே: இவ்வளவு சிறிய அளவினை எந்த நன்னீர் மீனும் உணராது. எனினும் உப்பு நைத்திரைற்றை அகற்றுவதில்லை, வாயிலை மட்டுமே காக்கின்றது. அகற்றுவது நீர் மாற்றமும் பற்றீரியாக்களுமே.

மூன்றாவது பயன் ஒட்டுண்ணிகள் தொடர்பானது. வெண்புள்ளி நோய் எனப்படும் இக் நோயே இவற்றுள் பெருவழக்கானது. 1876இல் பூக்கே என்பார் விவரித்த இவ்வொற்றைக் கல உயிரி, மீனின் தோலுக்கும் பூக்களுக்கும் அடியிலே புதைந்து வளர்ந்து, முதிர்ந்ததும் மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் உறையொன்றினுள் அடங்கி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தும் சிற்றுயிரிகளாக வெளிவருகின்றது. அவை ஓரிரு நாளில் விருந்துவழங்கியைக் கண்டடையாவிடின் மடியும். உப்போ மருந்தோ தாக்கக்கூடியது நீந்தும் இப்பருவத்தையே. தோலினுள் புதைந்துள்ளதையும் உறைக்குள் அடங்கியதையும் அது எளிதில் தீண்டுவதில்லை.

மக்கள் வழக்கில் உப்பு பெற்ற பெருமதிப்புக்கு ஒரு காரணத்தை இவ்விடத்துக் காணலாம். எமது நாட்டின் தாழ்நில வெப்பநிலையில் இவ்வாழ்க்கை வட்டம் சில நாள்களிலேயே முற்றுப்பெறும். ஒருவர் வெண்புள்ளிகளைக் கண்டு ஒரு பிடி உப்பிடுகின்றார். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைகின்றன. உப்பு வென்றது என்று மகிழ்கின்றார். உண்மையில் புள்ளிகள் மறைந்தது முதிர்ந்த ஒட்டுண்ணிகள் இயல்பாகவே கழன்று வீழ்ந்தமையால். உப்பிடாவிடினும் அவை மறைந்திருக்கும். அடுத்த கிழமை பன்மடங்காகத் திரும்பிவரும்போது, உப்புப் போதவில்லை என்று இன்னொரு பிடி விழுகின்றது. ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தமை ஒன்றால் மற்றது நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது என்பதை எமது இலக்கிய வரலாற்றாசிரியருள் சிலரும் மறந்துவிடுவதுண்டு. அது வேறு கதை. உப்பால் இந்நோயை ஒழிக்க வேண்டுமெனின் லீற்றருக்கு 2 அல்லது 3 கிராம் அளவை ஓரிரு நாள்களில் படிப்படியாக எட்டி, புள்ளிகள் மறைந்த பின்னரும் விடாது, இரண்டு கிழமைகள் அளவில் பேணுதல் வேண்டும்.

இங்கேதான் கலப்புத் தொட்டியின் முரண்பாடு கூர்மையடைகின்றது. ஒட்டுண்ணி இனவேறுபாடு பாராட்டுவதில்லை; தொட்டி முழுவதற்கும் உரியது. மருந்தின் அளவையோ எல்லா இனங்களும் ஒரே வகையிற் தாங்குவதில்லை. இக்கலப்பு எவ்வாறு தோன்றியது என்பதை நோக்கினால் இது தெளிவுறும்.

மெக்சிக்கோ வளைகுடாவை அண்டிய கரையோரங்களைச் சேர்ந்த மொலி, ஆறு கடலோடு கலக்குமிடங்களிலும் உவர்நீர்ச் சதுப்புகளிலும் வாழ்வது; படிப்படியாகப் பழக்கினால் கடல்நீரிலும் வாழவல்லது. திரினிடாட்டிலும் தென்னமெரிக்காவின் வடகரையிலும் வாழும் கப்பிக்கு, அதனைப் பிரித்தானிய நூதனசாலைக்கு அனுப்பிய லெச்மியர் கப்பியின் பெயரை 1866இல் குந்தர் சூட்டினார். நுளம்பு ஒழிப்பின் பெயரால் உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்ட இது எமது வாய்க்கால்களிலும் காணப்படுகின்றது. உப்பையும் அழுக்கையும் ஒருங்கே பொறுப்பது. நியோன் ரெற்றா அமேசனின் மேற்றிசைக் கிளையாறுகளைச் சேர்ந்தது; 1936இல் விஞ்ஞானப் பெயர் பெற்றுப் பின்னர் உலகச் சந்தையை நிறைத்தது. உப்பு அயன்கள் அருகிய, மிக மென்மையான நீரே அதன் தாயகம். குளவுன் லோச் போர்னியோ, சுமாத்திரா ஆறுகளுக்குரியது. செரி பார்ப்போ எமது நாட்டுக்கேயுரியது. 1929இல் தெரணியகல அதனை விவரித்தபோது சிங்கள மக்கள் வழங்கிய ‘தித்தையா’ என்னும் பெயரையே அதன் இனப்பெயராக்கினார். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் செறிந்த மென்னீரோடைகளே அதன் வாழிடம்.

இவற்றை ஒரே கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒன்றுசேர்த்தது இயற்கை அன்று. குடியேற்றவாத காலத்துச் சேகரிப்பும், நீராவிக் கப்பலும், பின்னர் வானூர்தியும், இவை அனைத்தையும் இயக்கிய வாணிபமுமே ஒன்றுசேர்த்தன. கடையில் அவை நிறத்தாலும் விலையாலும் மட்டுமே வேறுபட்ட பண்டங்களாக அடுத்தடுத்த தொட்டிகளில் நிற்கின்றன. அவற்றின் நீரியல் வரலாறு விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை. நெய்தலும் குறிஞ்சியும் ஒரு தொட்டிக்குள் மயங்கிய இத்திணைமயக்கத்துக்கு, முதலும் கருவும் பாராது ஒரே அளவு உப்பை விதிக்கும் சூத்திரம் எவ்வாறு பொருந்தும்? சமமற்றவற்றுக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தால் விளைவு சமமாக இராது. என் தொட்டியில் மொலி தழைத்ததும் நியோன் மடிந்ததும் இதனாலேயே பெரிதும் விளக்கம் பெறுகின்றன.

எனினும் எதிர்ப்புறத்திலும் ஒரு மிகை உண்டு. இன்று விற்பனைக்கு வரும் நியோன்களில் மிகப்பெரும்பாலானவை அமேசனைக் காணாதவை. பண்ணைகளில், ஓரளவு வன்மையான நீரிலே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. ஆதலின் தாயகத்து நீர் ஒன்றே அவற்றின் விதியை முற்றாக நிர்ணயிப்பதில்லை. குறுகிய காலத்துக்கு லீற்றருக்கு ஒரு கிராமை அவை பொறுத்துக்கொள்ளக் கூடும். ஆயின் பொறுத்தல் வேறு, நீடித்து நலமாய் வாழ்தல் வேறு.

செதிலற்ற மீன்களுக்கே உப்பு ஆகாது என்னும் கருத்தையும் ஈண்டுப் பரிசீலித்தல் தகும். கேட்பதற்கு அறிவுக்கிசைந்ததுபோல் தோன்றும் இவ்விளக்கம் நிலைக்கத்தக்கதன்று. மேலே குறிப்பிட்ட அமெரிக்கக் கெளுத்திகள் செதில் ஒன்றேனும் இல்லாதவை; உப்பிட்டுக் காக்கப்படும் மீன்களுள் அவையே முதலிடம் பெறுபவை. மறுபுறம், உப்புக்கு ஆகாதவை என்று பெயர்பெற்ற கொரிடோராசு மீன்கள் இருமருங்கிலும் என்புத்தகடுகளால் கவசம் பூண்டவை. நீரும் உப்பும் பரிமாறப்படும் பிரதான களம் பூக்களேயன்றிச் செதில் மூடிய மேனி அன்று. ஆகவே வினவவேண்டியது செதில் உண்டா என்பதன்று. அவ்வினம் எத்தகைய நீரிலே உருவானது, இப்பொழுது எத்தகைய நீருக்குப் பழகியுள்ளது, எவ்வளவு விரைவாக மாற்றம் நிகழ்கின்றது என்பவையே. லோச்சுகளிலே செறிவை மிக மெதுவாகக் கூட்டவேண்டும் என்ற பட்டறிவு பயனுடையது. அதற்குக் கூறப்படும் காரணமே பிழையானது.

நீரின் வன்மையையும் உப்புத்தன்மையையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எம்மவரிடையே குறிப்பாக விளக்கப்படவேண்டியது. வன்மை கல்சியத்தாலும் மகனீசியத்தாலும் நேர்வது. சோடியங் குளோரைட்டு அதனைக் கூட்டுவதுமில்லை, காரத்தன்மையை உயர்த்துவதுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கற்பாறையினூடாக ஊறிவருவதால் வன்மை மிக்கது. கரையோரங்களில் உவரும் கலந்தது. மலைநாட்டின் ஊற்றுநீர் பெரும்பாலும் மென்மையானது. குடாநாட்டுக் கிணற்று நீரிலே மொலி உப்பின்றியே செழிக்கும். மென்னீரிலே அது நடுங்கி ஒடுங்கும்போது கறியுப்பிடுவோர் பாதித் தேவையையே நிறைவேற்றுகின்றனர். அதற்கு வேண்டியது கல்சியமும்தான். ஒரே தொட்டியில் மொலிக்காக வன்மையைக் கூட்டினால் செரி பார்ப்புக்கு இடர் என்ற பழைய முரண்பாடே இங்கும் மீள்கின்றது.

எந்த உப்பு என்பது பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். ‘மீன்தொட்டி உப்பு’ என அழகிய பெட்டியில் அடைத்து, கறியுப்பின் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுவது பெரும்பாலும் அதே சோடியங் குளோரைட்டே. உப்பளத்துத் தொழிலாளி வெயிலில் வாரிய உப்பு, படத்தாலும் பெயராலும் வேறு பொருளாகத் தோற்றம் பெறுகின்றது. அயடீன் சேர்த்த உப்பு மீனைக் கொல்லும் என்பதும் இச்சந்தைக்கு உதவும் ஓர் அச்சமே. ஒரு கிலோகிராம் உப்பில் 20 மில்லிகிராம் அயடீன் உள்ளதெனக் கொண்டால், லீற்றருக்கு ஒரு கிராம் உப்பிட்ட நீரில் வரும் அயடீன் 0.02 மில்லிகிராம். இயற்கையான கடல்நீரிலோ ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் உண்டு. ஆயின் குருதியழுக்கம் உடையோருக்காகப் பொட்டாசியங் குளோரைட்டுக் கலந்து விற்கப்படும் பதிலுப்பை ஒருபோதும் இடலாகாது. பொட்டாசியம் மீனுக்குச் சோடியத்தினும் மிகக் கொடியது. களப்புகளில் வாழும் குரோமைட் போன்ற உவர்நீர் மீன்களை வளர்ப்போருக்குக் கறியுப்புப் போதாது. கல்சியம், மகனீசியம் முதலியனவும் அடங்கிய கடலுப்புக் கலவையே வேண்டும். அவற்றின் தொட்டியும் வேறாதல் வேண்டும். கரண்டியால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பதே நன்று, ஏனெனில் கல்லுப்பும் தூளுப்பும் ஒரு கரண்டிக்கு ஒரே நிறையின அல்ல. எதுவாயினும் வேறு பாத்திரத்தில் கரைத்தே ஊற்ற வேண்டும். அடியில் வீழ்ந்த உப்புப்பரலை உணவென்று வாயிலெடுக்கும் மீனுக்கு அது எரிகாயமாகும்.

தொட்டியில் மீனன்றிப் பிறவும் வாழ்கின்றன. என் தொட்டியிலே கபொம்பா முதலில் இலைகரைந்து மறைந்தது, வலிசுனேரியா தாக்குப்பிடித்தது. வடிகட்டியிலே சியோலைற்றுக் கற்களை இட்டிருப்போர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அமோனியாவைப் பற்றி வைத்துள்ள அக்கற்கள் உப்புநீரிலே சோடியத்தை ஏற்று, அமோனியாவைத் திரும்ப நீருக்கே விட்டுவிடும்.

இனி என் பிழையின் கணக்கிற்கு வருகின்றேன். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. குறைந்த நீருக்குப் புதுநீர் ஊற்றுவதால் முன்னிட்ட உப்பு ஒரு துளியும் நீங்குவதில்லை. கிழமைக்கு ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 18 கிராம். இருபது கிழமைகளில் 360 கிராம். தொண்ணூறு லீற்றரில் அது லீற்றருக்கு 4 கிராம். வெண்புள்ளி நோய்க்கு இரண்டு கிழமைகள் மட்டும் இடவேண்டிய அளவினையும் விஞ்சிய செறிவிலே நியோன்களை வைத்திருந்தேன். அவற்றைக் கொன்றது உப்பொன்றே என்று நிறுவ என்னால் இயலாது. ஐந்து மாதங்கள் மாற்றப்படாத நீரிலே நைத்திரேற்றும் பிற கழிவுகளும் திரண்டிருந்தன. உண்மையில் இவ்விரண்டையும் பிரித்து நோக்குவதும் சரியாகாது. உப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையே நீரை மாற்றாதிருக்க எனக்கு இசைவளித்தது.

நோயுற்ற கலப்புத் தொட்டியிலே செய்யக்கூடியவை இனங்களையும் நோயையும் பொறுத்தவை. தனியொரு மீனின் காயத்துக்கோ பூஞ்சணத்துக்கோ அதனை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கு உப்பிடுவதே முறை. பத்து லீற்றர்ப் பிளாத்திக்கு வாளியும் காற்றுக்கல் ஒன்றும் இதற்குப் போதும். வெண்புள்ளி நோயிலே அது போதாது, ஏனெனில் தொட்டியின் அடியிலே உறைகள் எஞ்சியிருக்கும். தாங்கும் இனங்களும் தாங்கா இனங்களும் கலந்திருப்பின் எல்லா மீன்களையும் வெளியேற்றி, தாங்குவனவற்றை உப்புநீரிலும் மற்றவற்றை அவற்றுக்கேற்ற வேறு மருந்திலும் வைத்து, மூலத்தொட்டியை இரண்டு கிழமைகள் மீனின்றி விட்டால், விருந்துவழங்கி அற்ற ஒட்டுண்ணி தானே அற்றுப்போகும். இது உழைப்பு மிக்க வழிதான். இரண்டாவது தொட்டிக்கு இடமோ வசதியோ இல்லாத வீட்டிலே, லீற்றருக்கு அரைக் கிராம் வீதம் பன்னிரண்டு மணிக்கொருமுறை கூட்டி, மீன்களின் மூச்சையும் நடமாட்டத்தையும் அவதானித்து, எந்த இனம் முதலில் தளர்கின்றதோ அதன் எல்லையிலே நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. அவ்வெல்லை ஒட்டுண்ணியை ஒழிக்கப் போதாமற் போகவும் கூடும்.

இட்ட உப்பை அகற்றும் வழி நீர் மாற்றம் ஒன்றே. அதுவும் திடீரென ஆகாது. உப்புக்குப் பழகிய மீன் ஒரே நாளில் நன்னீருக்கு மீண்டாலும் அதிர்ச்சியுறும். நான் இரண்டு நாளுக்கொருமுறை காற்பங்கு நீரை மாற்றினேன். 4 கிராம் முதலில் 3 ஆகும், பின்னர் 2.25, அடுத்து 1.7, பின்னர் 1.3 என இறங்கும். அரைக் கிராமுக்குக் கீழே வருவதற்கு எட்டு மாற்றங்கள் வேண்டியிருந்தன. கணக்கை மகளே ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். ஐந்தாம் முறையளவில் எஞ்சிய இரு நியோன்களும் ஒளி மங்கிய நிலையிலிருந்து சற்றே நீலங்காட்டத் தொடங்கின. எட்டாம் முறை நீர் மாற்றிய அன்று மாலை, மாதக்கணக்கில் மரக்கட்டையின் கீழே ஒடுங்கிக் கிடந்த லோச் வெளியே வந்து, மொலிகளுக்கென இட்ட உணவைத் தின்றது. மொலிகள் இப்பொழுது அடுக்களைப் பக்கத்திலுள்ள வேறொரு தொட்டியில் வாழ்கின்றன.